வெளியே ஒழுகும் வள்ளம்

என் வள்ளம் கடலடிப் பாரில் ஏறி அடிவயிறு கிழிந்து, சுக்கான் ஒடிந்து, அலை தள்ளிய பக்கமெல்லாம் தள்ளாடிக் கரைக்கு வந்து ஒதுங்கியபோது சிப்பிமுனை ஊரே கடற்கரையில் நின்றிருந்தது. நின்றவர்களில் ஒருவர்கூட ஒரு கயிற்றைப் பிடிக்கவில்லை, ஒருவர்கூட என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. ஏனென்றால் ஊர் என்னைத் தள்ளி வைத்திருந்தது. தள்ளி வைத்த வீட்டுக்கு நெருப்புக் கிடையாது, தண்ணீர் கிடையாது, பேச்சுக் கிடையாது, அந்த வீட்டு ஆளின் பெயரை ஊர் எல்லைக்குள் யாரும் வாயால் சொல்லக்கூடக் கூடாது என்பது எங்கள் ஊர்க்கட்டு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதில் நான் மறைக்க ஒன்றும் இல்லை, மறைக்க வேண்டியவர்கள் அவர்கள். தை பிறந்து கடல் தணிந்ததும் காளி கோயில் வாசலில் வள்ளத்துப் பாயை முதலில் விரிப்பது என் பாட்டன் வழி வந்த உரிமை. அந்தப் பாய் விரிந்து மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் ஊரில் எந்தப் படகும் இறங்கும். அந்த உரிமையை ஊர்த்தலைவர் உக்கிரபாண்டி தன் மருமகனுக்குத் தூக்கிக் கொடுத்தார். மருமகன் விசைப்படகுக்காரன், அவனிடம் பாயே கிடையாது, ஆகையால் அவன் லாரியை மூடுகிற நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து காளிக்கு முன்னால் விரித்தான், ஊரும் அதற்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தது. நான் அந்தத் தார்ப்பாயை இழுத்துச் சுருட்டிக் குப்பைமேட்டில் போட்டேன். கூட்டம் கூடி, சபையின் காலில் விழு என்றார்கள். முதுகு வளையாது என்றேன். விழும்வரை உனக்குப் பெயர் இல்லை என்றார் உக்கிரபாண்டி. அன்றிலிருந்து சேதுக்காளை என்ற என் பெயரை யார் வாயிலும் நான் கேட்கவில்லை.

என்னோடு கடலுக்கு வந்த ஆட்கள் கட்டுக்குப் பயந்து நின்றுவிட்டார்கள். நாலு பேர் பிடிக்க வேண்டிய வள்ளத்தை நான் ஒற்றை ஆளாக ஓட்டினேன், பாய்க் கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டு, சுக்கான் பிடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. தெற்கேயிருந்து அடிக்கிற சோழகக் காற்று திடீரென்று பலத்த நேரத்தில், கயிற்றைத் தளர்த்தக் குனிந்தால் சுக்கான் போகும், சுக்கானைப் பிடித்தால் பாய் கிழியும், இரண்டில் எதை விடுவது என்று யோசித்து முடிப்பதற்குள் வள்ளம் பாரின் மேல், அந்தக் கடலடிக் கல்லின் மேல், ஏறி உட்கார்ந்துவிட்டது. பல்லைப் பிடுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது, அது சுக்கான். அடுத்துத் துணி கிழிவதுபோல் ஒரு சத்தம், அது அடிப்பலகை. கடல் பொங்கி ஓதம் ஏறி எங்களைக் கல்லிலிருந்து தூக்கிவிட்டது, நான் கையால் துழாவிப் பலகைத் துடுப்பால் உந்தி அதை ஊரின் நடு முகத்தில் கொண்டுவந்து சாய்த்தேன். வேறிடத்தில் ஒதுக்கியிருக்கலாம். பார்க்கட்டும் என்றுதான் அங்கே ஒதுக்கினேன்.

அன்று எனக்கு வேண்டியிருந்தது இரண்டே இரண்டு. வள்ளம் திரும்பக் கடலுக்குப் போக வேண்டும், கரையில் என் கால் ஒரு இடத்தில் நிற்காது, தூங்கினாலும் தூக்கத்தில் நடக்கிற ஆள் நான். இன்னொன்று, அவர்களில் யாராவது முதலில் என் பெயரைச் சொல்ல வேண்டும். விழாமல்.

வள்ளத்தைச் சாய்த்து வைத்து உள்ளே கிடந்த உப்புத் தண்ணீரை இறைத்துக் கொட்டினேன், கடைசிச் சொட்டைப் பழைய வேட்டியால் துடைத்தேன், துடைத்த பிறகும் ஓட்டை வழியாக வெளியே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே கை வைத்தால் காய்ந்த பலகை. வெளியே கை வைத்தால் மணிக்கட்டுத் தடிமனுக்குத் தண்ணீர். உள்ளிருந்து ஓட்டையில் கண்ணை வைத்தால் மணலும் மணலில் படுத்திருக்கிற ஆடும் தெரிந்தன, வெளியிலிருந்து பார்த்தால் அது ஒரு ஊற்று. எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடிப்பலகை மாற்றுகிறவன் முதலில் ஓரத்தைக் காயப் போட வேண்டும், காய்ந்த ஓரத்தில்தான் பஞ்சுத் திரியைத் திணித்துக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூச முடியும். ஈர மரத்தில் குங்கிலியம் ஒட்டாது. வெயிலில் வைத்தேன், ஒழுகியது. பக்கத்தில் நெருப்பு மூட்டினேன், நெருப்பை அணைத்துவிட்டு ஒழுகியது.

என் வீட்டுக்காரி பஞ்சவர்ணம் கஞ்சிச் சட்டியோடு வந்தவள் ஒரு கை ஏந்திக் குடித்துப் பார்த்தாள்.

"இங்கேரு, இது நல்ல தண்ணி."

"நல்ல தண்ணியோ நாத்தத் தண்ணியோ, ஓரம் காயணும் எனக்கு."

"ஓரத்தப் பெறகு காயப் போடு. இதுல சோறு வடிச்சா பூப்போல இருக்கும்யா."

சட்டியை மணலில் வைத்துவிட்டு அவள் வீட்டுக்கு ஓடியதைச் சொன்னால் எங்கள் ஊரை அறியாதவர்கள் சிரிப்பார்கள். சிப்பிமுனையில் கிணறு வெட்டினால் கடலைவிட உப்பாக வரும். பெண்கள் நாலு சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வெயிலில் ஊரணிக்குப் போவார்கள், ஊரணி வற்றினால் அதன் நடுவில் குழி தோண்டிக் கொட்டாங்கச்சியால் மோந்து மோந்து ஊற்றுவார்கள். தள்ளி வைத்த வீட்டுக்கு அந்தக் குழியிலும் பங்கில்லை, ஆகையால் பஞ்சவர்ணம் அடுத்த ஊருக்கு நடந்தாள். போகும்போதும் வரும்போதும் அவளோடு ஒருத்தி பேசியதில்லை. பேசாமல் இருந்து இருந்து அவள் தள்ளுவண்டியின் சக்கரத்தைத் திட்ட ஆரம்பித்திருந்தாள், யாரிடமாவது வாய் ஓட வேண்டுமே.

மறுநாள் விடிந்ததும் செம்பாயி வந்தாள். மீன் ஏலம் கூறிக் கூறித் தொண்டை காய்த்துப்போனவள், கோயில் மணிக்கும் அவளுக்கும் போட்டி வைத்தால் மணி தோற்கும். இடுப்பில் குடத்தோடு கொஞ்சம் தள்ளி நின்று என்னைப் பார்க்காமல் வள்ளத்தைப் பார்த்தாள்.

"வள்ளமே, ஒங்கிட்டத்தான் கேக்கேன், இங்கன நிக்கிற வேற எதுகிட்டயும் கேக்கல. ஒரு கொடம் பிடிச்சுக்கிறவா?"

வேற எது என்றது என்னை. நான் ஒடிந்த சுக்கானின் துருப்பிடித்த ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன், வாய் திறக்கவில்லை. வள்ளமும் திறக்கவில்லை.

"வாயத் தொறக்காட்டி சம்மதம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை ஓட்டைக்குக் கீழே வைத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் கோயில் வரைக்கும் குடங்கள் நின்றன, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக. ஊர்க்கூட்டம் கூடியது. கூட்டத்தில் பேசியதை எல்லாம் அடுத்த நாள் குடம் நிறைகிற நேரத்தில் செம்பாயி வள்ளத்திடம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். தள்ளி வைத்த ஆளிடம் தண்ணீர் வாங்கினால் கட்டு உடைந்ததாகுமா என்று கேள்வி. ஆகும் என்று பாதிப் பேர். ஊரணி வற்றிவிட்டது என்று மீதிப் பாதி. கடைசியில் உக்கிரபாண்டி எழுந்து, தள்ளி வைத்தது ஆளைத்தான், வள்ளத்தை யாரும் தள்ளி வைக்கவில்லை, வள்ளம் சபையைப் பார்த்து முதுகு வளையாது என்று சொல்லவில்லை, ஆகவே வள்ளம் ஊரில் ஒன்று, அதனிடம் தண்ணீர் வாங்கலாம், பேசலாம், நல்லது கெட்டதுக்கு அழைக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னாராம். சபை துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்க் குடம் எடுத்துக்கொண்டு வந்ததாம்.

அப்படித்தான் என் வள்ளம் சிப்பிமுனையில் குடியேறியது. அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள், பாய்மரத்தில் மஞ்சள் கயிறு கட்டினார்கள், கல்யாணப் பத்திரிகையை முனையில் செருகிவிட்டுப் போனார்கள். காதுகுத்து வீட்டிலிருந்து இலை போட்டுச் சோறு வந்தது, வள்ளத்துக்கு. நானும் பஞ்சவர்ணமும் அதைத் தொடவில்லை, காக்கை தின்றது. தேநீர்க் கடைக்காரர் கடையைப் பெயர்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்கள் ஊருக்குப் பெண் கொடுக்காமல் இருந்தவர்கள் ஜாதகத்தோடு வந்து முதலில் ஒரு கை குடித்துப் பார்த்துவிட்டுப் பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். தண்ணீர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து சீசாவில் பிடித்துக்கொண்டு, இது ஆழ்துளையா திறந்த கிணறா என்று கேட்டார், வள்ளம் என்றார்கள், வள்ளம் என்று எழுத இடமில்லை என்று சொல்லிவிட்டு அவரும் குடித்துவிட்டுப் போனார். யாரும் இது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவில்லை. வருகிற தண்ணீரை எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் அதற்குக் கோபம் வரும் என்று செம்பாயி சொன்னதை ஊர் ஏற்றுக்கொண்டது.

ஆனால் எல்லாரும் பேசினார்கள். அதுதான் என்னை அரித்தது. குடம் நிறைகிற வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாமல் ஒவ்வொருத்தியும் வள்ளத்திடம் தன் மாமியாரைச் சொன்னாள், முழங்கால் வலியைச் சொன்னாள், புருஷன் குடித்துவிட்டு எங்கே விழுந்து கிடந்தான் என்று சொன்னாள். பஞ்சவர்ணம் மறுபக்கம் நின்று வள்ளத்துக்குப் பதிலாக 'ம்' கொட்டினாள். சில நாளில் அவளும் வள்ளத்தைப் பார்த்தபடியே பதில் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு பெண்கள் ஒரு வள்ளத்தின் இரண்டு பக்கம் நின்று, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், மரத்திடம் பேசுவதுபோல் பேசிச் சிரித்தார்கள். அவள் முகம் தெளிந்தது. சக்கரத்தைத் திட்டுவதை விட்டாள். நான் மட்டும் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்து மணலில் தடம் விழச் செய்துகொண்டிருந்தேன். என் வள்ளத்துக்கு ஊரில் வாழ்வு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை, கடலும் இல்லை.

சுக்கானை நானே புதிதாகச் செய்தேன். வேம்புப் பலகை அறுத்து, இழைத்து, இரும்புப் பட்டை அடித்தேன். சுக்கானில் இரண்டு முளை, வள்ளத்தின் பின்கட்டையில் இரண்டு வளையம், முளை வளையத்தில் இறங்கினால்தான் சுக்கான் திரும்பும். நான் வள்ளம் ஓட்டுகிறவன், தச்சன் இல்லை. ஊரில் வள்ளம் கட்டுகிற ஓடாவி ஒருவன்தான், நம்புராசு, பஞ்சவர்ணத்தின் கூடப் பிறந்தவன், என் மச்சினன், கட்டுப் போட்ட அன்று கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன். ஒரு நாள் அவன் குடம் இல்லாமல் வந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வள்ளத்தின் பின்பக்கம் நின்றான்.

"வள்ளமே, ஒனக்குச் சுக்கான் செய்யிறவன் யாருன்னு எனக்குத் தெரியாது. யாரோ மம்பட்டிக்குக் காம்பு செதுக்குறவன் போல. மேல் மொளை ஒரு பக்கம் பாக்குது, கீழ் மொளை ஒரு பக்கம் பாக்குது. மாமியாளும் மருமகளும் மாதிரி."

"வள்ளமே" என்றேன் நான், உளியைக் கீழே வைக்காமல், "தெரிஞ்சவன் வந்து தொட்டுச் செய்யட்டும்னு சொல்லு."

"தொட்டா என்னையும் தள்ளி வப்பாகன்னு அதுக்குத் தெரியும். நூல் கட்டிப் பாக்கச் சொல்லு. மேல் மொளையில இருந்து நூலத் தொங்க விட்டா கீழ் மொளை நடுவுல படணும்."

"நூல் கட்டத் தெரியாமலா இருக்கோம்?"

"தெரிஞ்ச லட்சணந்தான் தெரியுதே."

போய்விட்டான். நான் நூல் கட்டிப் பார்த்தேன். கீழ் முளை விலகித்தான் இருந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததற்காகவும் அவன்மேல் எனக்குக் கோபம்.

சுக்கான் முடிந்ததும் பலகையை அறுத்தேன். ஈர ஓரமானாலும் அடித்துவிடுவது என்று துணிந்தேன். ஆனால் பலகை அடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. வெளியே ஒருவன் ஆணியை அடிக்க, உள்ளே ஒருவன் கனத்த இரும்பை ஆணியின் முனைக்கு எதிராகத் தாங்கிப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் முனை மடங்கி மரத்தைக் கவ்வும். பஞ்சவர்ணத்தைக் கூப்பிட்டேன்.

"உள்ள ஏறி இரும்பத் தாங்கு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? ஓட்டைய அடைக்க."

"மாட்டேன்."

"ஏன்டி?"

"நீ ஓட்டைய அடச்சுட்டுக் கடலுக்குப் போயிருவ. நான் திரும்ப வண்டிச் சக்கரத்துகிட்டப் பேசணுமாக்கும்?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் அதைக் கேட்டார்கள், கேட்காததுபோல் வள்ளத்தைப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஓட்டைக்கு முன்னால் எப்போதும் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், வெங்காயம் உரித்துக்கொண்டோ பேன் பார்த்துக்கொண்டோ, நான் பலகையோடு நெருங்கினால் குடத்தை நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

பிறகு சிமெண்டு மூட்டை வந்தது. வள்ளம் நகராமல் இருக்கச் சுற்றிலும் அரை ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பித் தளம் போடுவது என்று சபையில் முடிவாகிவிட்டது. மூட்டைகளை இறக்கிவிட்டு உக்கிரபாண்டி வெள்ளை வேட்டியோடு நேராக வந்து, வள்ளத்தின் சந்தன நெற்றிக்கு முன்னால் நின்று கும்பிட்டார்.

"வள்ளமே, ஊர் ஒரு முடிவுக்கு வந்திருக்கு. ஒன்னைய ஓட்டுனவர் சபை கால்ல விழ வேண்டாம். கட்ட எடுத்துர்றோம். பேரச் சொல்லிக் கூப்பிடுறோம். நீ மட்டும் இங்கனயே இருக்கணும். அவரு சம்மதிச்சாச் சரி."

எனக்கு ஆசை வந்தது என்பதை மறைக்கவில்லை. விழாமல் பெயர் திரும்பி வருகிறது. ஆனால் அந்த மனிதர் அதையும் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"வள்ளமே" என்றேன், "கேக்குறவரு எங்கிட்டக் கேக்கட்டும்."

"கட்டு எடுத்த பெறகுதான் பேச முடியும், வள்ளமே."

"பேசுன பெறகுதான் நான் சம்மதிக்க முடியும், வள்ளமே."

"சம்மதிச்ச பெறகுதான் கட்டு எடுக்க முடியும்."

தேநீர்க் கடையில் யாரோ சிரித்தார்கள். உக்கிரபாண்டியின் காது சிவந்தது. "அப்ப வள்ளத்துக்கிட்டயே சம்மதம் வாங்கிக்கிறோம்" என்று சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருந்து, வள்ளம் வாய் திறக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நடந்தார். வெள்ளிக்கிழமை வேலை தொடங்குவது என்றும், தண்ணீரைக் குழாய் போட்டுக் கோயில் வாசலுக்கும் அங்கிருந்து ஒவ்வொரு தெருவுக்கும் கொண்டுபோவது என்றும், தள்ளி வைத்த வீட்டுத் தெருமுனையோடு குழாய் நின்றுவிடும் என்றும் செம்பாயி வந்து வள்ளத்திடம் சொன்னாள். சொல்லும்போது அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை.

பஞ்சவர்ணம் மறுபக்கத்திலிருந்து கேட்டாள். "அப்ப நீங்க யாரும் இங்கன வர மாட்டீக?"

"வீட்டு வாசல்ல கொழா இருந்தா எவ வருவா, வள்ளமே?" என்றாள் செம்பாயி, குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு.

அன்று மாலை முழுதும் நான் சிமெண்டு மூட்டைகளைச் சுற்றி நடந்தேன், வள்ளத்தைச் சுற்றி நடந்தேன், பலகையைத் தூக்கினேன், வைத்தேன், மறுபடி தூக்கினேன்.

"ஒரு தடவ மட்டும் உள்ள ஏறித் தாங்கு. வெள்ளிக்கெழமைக்கு முந்தி அடைக்காட்டி வள்ளம் போச்சு."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"எதுக்கு அடைக்கணும்?"

"ஓட்டையோட எப்பிடிடி கடல்ல எறக்க? தண்ணி உள்ள வராதா?"

"வெளிய ஊத்துற ஓட்ட உள்ள எப்பிடி விடும்?"

நான் பலகையைக் கீழே வைத்தேன். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற நான், வள்ளம் கட்டியே தலை நரைத்த நம்புராசு, சபையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை மீசை, ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. வள்ளக்காரன் ஓட்டையைக் கண்டால் அடைக்கத்தான் நினைப்பான், அவன் கை அப்படிப் பழகியது. கடலில் கால் வைக்காத ஒருத்திக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லை.

"ரெண்டு பேர் வேணும்" என்றேன். "பாயப் பிடிக்க ஒரு ஆள்."

"கயித்த இழுக்கணும், அம்புட்டுத்தான? வண்டி இழுத்த கைதான் இது."

வெள்ளிக்கிழமை பௌர்ணமி ஓதம். விடிந்து வெளிச்சம் வந்தபோது கடல் தேநீர்க் கடை வரைக்கும் ஏறி நின்றது. இத்தனை நாளாக விழுந்து விழுந்து நல்ல தண்ணீர் வள்ளத்துக்கு அடியில் மணலை அரித்துக் கடலைப் பார்க்க ஒரு வாய்க்காலே வெட்டி வைத்திருந்தது, அதை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை, குடத்தின் வாயைத்தானே பார்த்தார்கள். வள்ளத்துக்கு அண்டக் கொடுத்திருந்த முட்டுக் கட்டைகளைத் தட்டிவிட்டதும் வள்ளம் அந்த வாய்க்காலில் கிழவி எழுந்திருப்பதுபோல் முனகி நிமிர்ந்து, சறுக்கி, மிதந்தது. ஒழுகிக்கொண்டே மிதந்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை.

வரிசையில் நின்ற பெண்கள் முதலில் நாங்கள் அதைக் கழுவ இறக்குகிறோம் என்று நினைத்தார்கள். நான் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்று சுக்கானைத் தூக்கிப் பிடித்தேன், பஞ்சவர்ணம் வள்ளத்தில் குப்புறப் படுத்து மேலேயிருந்து கயிற்றால் அதைத் தாங்கினாள். அலை ஒவ்வொன்றும் முளையை வளையத்திலிருந்து தள்ளியது. கரையில் நம்புராசு வந்து நின்றான், பிறகு கணுக்கால் தண்ணீரில், பிறகு முழங்கால் தண்ணீரில், கை மட்டும் பின்னால் கட்டியபடி.

"வள்ளமே, ஒரு வெரக்கட மேல தூக்கச் சொல்லு… இன்னும்… அலை போகட்டும்… இப்ப விடச் சொல்லு!"

விட்டேன். இரண்டு முளையும் ஒரே சத்தத்தில் இறங்கின. அவன் தன்னை மறந்து கையைத் தட்டிவிட்டு, உடனே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

பாயை ஏற்றினோம். கரைக்காற்று அதை ஊதிப் பிடித்தது. பஞ்சவர்ணம் கயிற்றை இழுத்துப் பிடித்துக் காலை ஊன்றி நின்றாள், மாடு பிடிக்கிறவள் மாதிரி. வள்ளம் சிப்பிமுனையின் நல்ல தண்ணீரைக் கடலில் ஊற்றிக்கொண்டே போயிற்று. போன வழியில் கடல் மேல் ஒரு வெளுத்த கோடு விழுந்தது, அந்தக் கோட்டுக்குள் மடவை மீன்கள் துள்ளித் துள்ளி வந்தன. சந்தனமும் மஞ்சள் கயிறும் கல்யாணப் பத்திரிகையும் அப்படியே இருந்தன.

அப்போதுதான் ஊருக்குப் புரிந்தது. குடங்களைப் போட்டுவிட்டு எல்லாரும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்தார்கள். போகிறவனைத் திரும்பக் கூப்பிட வேண்டுமானால் அவனுக்கு ஒரு பெயர் வேண்டும்.

"வள்ளமே!" என்று செம்பாயி கத்தினாள். "வள்ளமே, போகாத!"

"வள்ளமே! வள்ளமே!" என்று ஊரே கத்தியது. வள்ளத்துக்குக் காது இருந்ததோ என்னவோ, சுக்கான் என் கையில் இருந்தது.

கொஞ்ச தூரம் போனோம். கத்தல் அடங்கியது. திரும்பிப் பார்த்தேன். உக்கிரபாண்டி வெள்ளை வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றார். அவருக்குப் பின்னால் சிமெண்டு மூட்டைகளை ஓதம் நனைத்துக்கொண்டிருந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"சேதுக்காளை!"

கடல்மேல் அந்தப் பெயர் உருண்டு வந்து என் முதுகில் பட்டது. அது என் பெயர்தானா என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம், அத்தனை நாளாகிவிட்டது.

"ஏ சேதுக்காளை! திரும்பி வாப்பா! பேசித் தீத்துக்குவோம்!"

தலைவரே உடைத்த பிறகு கட்டு ஏது? அடைத்து வைத்த வாயெல்லாம் ஒரே சமயத்தில் திறந்தது. சேதுக்காளை, சேதுக்காளைண்ணே, சேதுச் சித்தப்பா, ஏ மாமா, ஏலே சேது என்று ஊர் முழுக்க என் பெயரையும் உறவையும் கூவியது. செம்பாயி ஏலத்தொண்டையில் கூவினாள். நம்புராசு இரண்டு கையையும் வாயில் குவித்து, "மச்சான்! மச்சான்!" என்று கத்தினான். என்னை மறுபடி பெற்றதுபோல் இருந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது, விழாமல் கிடைத்துவிட்டது. இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று கொஞ்சம் விட்டுப் பார்த்தேன், கூப்பிட்டார்கள். என் மனம் இளகியது, பொய் சொல்லவில்லை. தினமும் காலையில் கடலுக்குப் போய்விட்டு மாலையில் வந்து சாய்த்தால் அவர்கள் பிடித்துக்கொள்ளட்டுமே, எனக்கென்ன போயிற்று என்று நினைத்துச் சுக்கான் பிடியை மெல்லத் தள்ளினேன். வள்ளத்தின் முனை திரும்பத் தொடங்கியது.

பஞ்சவர்ணம் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையைச் சுக்கான் பிடியின் மேல் வைத்தாள்.

"என்ன செய்யிற?"

"கூப்பிடுறாகள்ல. காதுல விழல?"

"யாரக் கூப்பிடுறாக?"

"என்னையத்தான்."

"எம் பேர யாராச்சும் சொன்னாகளா?"

நான் காது கொடுத்துக் கேட்டேன். உக்கிரபாண்டியின் குரல் வந்தது, தேநீர்க் கடைக்காரர் குரல் வந்தது, கோயில் மணியையும் தோற்கடிக்கிற செம்பாயியின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே வந்தது. எல்லாம் என் பெயர்தான்.

"அந்தச் செம்பாயி, தெனம் எம் முன்னால நின்னு வள்ளத்துக்கிட்டக் கத சொன்னவ, அவ எம் பேர மறந்துட்டாளா?" என்றாள். "எங்கூடப் பொறந்தவன் மச்சான் மச்சான்னு கத்துறான். நான் இந்த வள்ளத்துலதான நிக்கிறேன்?"

"கூப்பிடுவாக. கொஞ்சம் பொறு."

"அப்ப கூப்பிடட்டும். அதுவரைக்கும் நேரா விடு."

கரையில் இன்னும் என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நேராகவே விட்டேன்.